சத்தம் பெல்ட்டில் இல்லை, புல்லியில்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். பழைய காரில் இப்படி வந்தால் எல்லோரும் முதலில் திட்டுவது பெல்ட்டைத்தான். என் வண்டியில் தேய்ந்திருந்தது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரமான டென்ஷனர் புல்லியின் பேரிங்.

சோதிப்பது எளிது. எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றுங்கள். உள்ளே மணல் அரைபடுவது போலத் தெரிந்தால் பேரிங் போச்சு. தட்டிவிட்டதும் நிற்காமல் விர்ரென்று சுற்றினாலும் சந்தேகப்படுங்கள், கிரீஸ் காய்ந்திருக்கலாம். பக்கவாட்டில் ஆடவும் கூடாது.

"கொஞ்சம் ஆயில் விட்டா அடங்கிடும்ணே" என்றார் தண்டையார்பேட்டை ஒர்க்ஷாப் தம்பி. அது சீல் செய்த பேரிங், ஆயில் உள்ளே போகாது. பெல்ட்டில் வழிந்து அதையும் வழுக்க வைக்கும். வேண்டாம் தம்பி, புதுசே போடு என்றேன். புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் பேரிங் விஷயத்தில் எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. புல்லி இறுகிப் பெல்ட் அறுந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நிற்கும், பவர் ஸ்டியரிங் கல்லாகும், சில வண்டிகளில் வாட்டர் பம்பும் நின்று எஞ்சின் கொதிக்கும். அதுவும் எண்ணூர் விரைவுச் சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே!

நீங்களே மாற்றுவதாக இருந்தால், பெல்ட் ஓடும் வழியைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சில வண்டிகளில் புல்லி போல்ட்டுக்கு ரிவர்ஸ் மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பார்த்துவிட்டு ஸ்பேனர் போடுங்கள்.