12 நொடி ரேஸுக்குக் கூட்டமும் ஸ்பான்சரும் சேர்ப்பது எப்படி

டிராக் (drag) ரேஸ் என்பது இரண்டிரண்டு வண்டியாக நேர்கோட்டில் ஓடுவது. 32 பைக் இறங்கி, தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் டிராக் ரேஸில் மொத்தம் 31 ஓட்டம். ஓட்டத்துக்கு 12 நொடி என்று வைத்தால், நாள் முழுக்க உட்கார்ந்தவர் பார்ப்பது 6 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு ஓட்டம் என்று நடத்தினால் 47 நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதுவே ஐந்து நிமிஷம் ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் இழுக்கும். சர்க்யூட் ரேஸோடும் ராலியோடும் போட்டி போட முடியாமல் டிராக் ரேஸ் பின்தங்குவது இந்த இடைவெளியில்தான்.

கோயமுத்தூரில் அந்தப் போட்டி கடுமை. செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். ராலி என்றால் கேத்தனூர்க் காற்றாலைப் பக்கம் மண்சாலை ஓரமாக ஜனம் நிற்கிறது. அதற்காக நேர்கோட்டு வேகத்துக்கு இங்கே ரசிகர் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 200 மீட்டர், 300 மீட்டர் ரேக்ளாவை நொடிக்கணக்கோடு பார்த்துப் பழகிய ஊருங்க இது. குறை ரசனையில் இல்லை, நடத்துகிற விதத்தில்தான்.

முதலில் ரிட்டர்ன் ரோடு. ஓடி முடித்த வண்டி அதே தளத்தில் திரும்பி வந்தால் அடுத்த ஜோடி காத்துக் கிடக்க வேண்டும். பக்கத்தில் தனிப்பாதை இருந்தால்தான் ஒன்றரை நிமிஷக் கணக்கு நடக்கும். அடுத்தது நீளம். டிராக் ரேஸின் வழக்கமான தூரமான 402 மீட்டர் (கால் மைல்) முடிவில் நல்ல பைக் மணிக்கு 180 கி.மீ. தொடும், பதறாமல் பிரேக் பிடித்தாலே நிற்க 300 மீட்டருக்கு மேல் ஆகும். பிரேக் சூடேறும், ஓட்டுபவர் கோட்டைக் கவனிக்காமல் விடுவார் என்பதையும் சேர்த்தால் 600 மீட்டராவது விட வேண்டும். ஆக ஒரு கிலோமீட்டர் நேர்கோடு. வளைவுக்காகப் போட்ட சர்க்யூட்டில் இது எளிதில் கிடைக்காது. அமெரிக்காவில் 2008-இல் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா ஓட்டத்தில் இறந்தபின், அதிவேகக் கார் வகைகளான டாப் ஃபியூயல், ஃபன்னி கார் இரண்டுக்கும் அங்குள்ள டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. தூரத்தையே 1,000 அடியாகக் குறைத்துவிட்டது. இடம் போதாத இடத்தில் 200 மீட்டர் நடத்துவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நேரத்தை அதிகம் தின்பது ஆயில் கசிவு. இன்ஜின் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் (drain) போல்ட் ஒன்று கழன்றால் போதும், மரத்தூள் போட்டு, கூட்டி, மறுபடி துடைத்து எடுக்க அரைமணி நேரம் போய்விடும். அதற்குள் கேலரியில் பாதி காலி. ஆயில் கொட்டுகிற அணிக்கு என்.எச்.ஆர்.ஏ. அபராதம் போடுவதும் புள்ளி குறைப்பதும் இதனால்தான். இங்கே ரேஸுக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியிலேயே பிடித்துவிடலாம்: ட்ரெயின் போல்ட்டுக்கும் ஃபில்லர் மூடிக்கும் கழலாமல் கட்டும் லாக் வயர், இன்ஜின் ஆவி வெளியேறும் ப்ரீதர் குழாய்க்கு ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் கேன், ரேடியேட்டரில் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர். கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் தண்ணீர்போல் காய்ந்துவிடாது, வழவழப்பாகத் தரையிலேயே தங்கும். லாக் வயர் இல்லாத வண்டியைத் தெரிந்தவர் வண்டி என்று உள்ளே விடுகிற வழக்கம் ஒழிந்தாலே பாதி நேரம் மிச்சம்.

யார் ஜெயித்தது என்று தெரியாத குழப்பம் இன்னொன்று. ஸ்டார்ட் பக்கம் நிற்பவருக்குக் கண்ணில் படுவது இரண்டு பின்டயர் மட்டுமே. ஓட்ட நேரம் வண்டி கிளம்பியதிலிருந்துதான் எண்ணப்படும். ஒருவர் பச்சை விளக்குக்குப் பின் 0.45 நொடி கழித்துக் கிளம்பி 12.10-இல் ஓடுகிறார், மற்றவர் 0.20-இல் கிளம்பி 12.25 எடுக்கிறார். மெதுவாக ஓடியவர்தான் கிட்டத்தட்ட 5 மீட்டர் முன்னால் கோட்டைத் தாண்டுகிறார். பெரிய எழுத்தில் போர்டும், மைக்கில் இதை விளக்கத் தெரிந்த ஆளும் இல்லையென்றால் கூட்டம் 'ஏமாத்து' என்று கத்தும். போர்டு வாடகைக்காக மேடை அலங்காரத்தைக் குறைப்பது தப்பே இல்லை.

பிராக்கெட் முறை வேறு மாதிரி. அவரவர் நேரத்தை அவரவரே எழுதிக் கொடுப்பது. ஒருவர் 17.00, மற்றவர் 14.50 என்றால் முதலாமவருக்கு 2.5 நொடி முன்பே பச்சை விழும். எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. பழைய ஆர்எக்ஸ் 100-ம் புது வண்டியும் ஒரே களத்தில் நிற்கலாம், என்ட்ரி குவியும், ஒவ்வொருவரோடும் நாலு பேர் வருவார்கள். ஆனால் வேடிக்கை பார்ப்பவருக்கு இது புரியாது. காலையில் பிராக்கெட், கூட்டம் சேர்ந்த பிறகு நேருக்கு நேர் என்று பிரிப்பதே சரி.

ஸ்பான்சர் விஷயத்தில் டிராக் ரேஸ் எப்போதும் தம்பி ஸ்தானத்தில்தான் இருந்திருக்கிறது. 1975 முதல் என்.எச்.ஆர்.ஏ.வுக்கு வின்ஸ்டன் சிகரெட் காசு. 1998-இல் அமெரிக்க மாநிலங்களோடு போட்ட ஒப்பந்தம், புகையிலை கம்பெனிகளின் விளையாட்டு ஸ்பான்சர்ஷிப்புக்குக் கடிவாளம் போட்டது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றதும் கம்பெனி நாஸ்கார் என்ற கார் ரேஸ் தொடரைப் பிடித்துக்கொண்டது; 2001-உடன் டிராக் ரேஸைக் கைவிட்டது. நாலு மணி நேரம் டிவியில் பெயர் ஓடுவதோடு நாலு நொடி ஓட்டம் எப்படிப் போட்டி போடும்? ஆனால் அங்கே ஒவ்வொரு டிக்கெட்டுமே பிட் பாஸ், அதாவது அணிகள் வண்டியைத் தயார் செய்யும் இடத்துக்கான அனுமதி; இன்ஜினைப் பிரித்துக் கோர்ப்பதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். சர்க்யூட்டில் அதற்குத் தனி அனுமதி வேண்டும். விற்க வேண்டிய சரக்கு இந்த நெருக்கம்தான்.

அதனால் பேனரை ஃபினிஷில் கட்டாதீர்கள், அங்கே வண்டி அரை நொடிகூட இருக்காது. வண்டி அரைநிமிஷம் நின்று, டயர் தேய்த்து, ஸ்டார்ட் கோட்டில் வந்து ஸ்டேஜ் ஆகிற இடத்தில் எல்லோர் கண்ணும் கேமராவும் இருக்கும். விலை அதிகமான இடம் அது. அதைவிட நல்ல இடம் டைம் ஸ்லிப், ஓட்டம் முடிந்ததும் நேரத்தை அச்சடித்துத் தரும் சீட்டு. ஓட்டியவர் அதைப் போட்டோ எடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார். ஸ்லிப் தலைப்பில் ஒரு பெயர், செலவு காகிதமும் மையும். அந்தப் பெயரைக் குளிர்பானக் கம்பெனியிடம் தேடுவதைவிட செயின், கிளட்ச் பிளேட், ஸ்ப்ராக்கெட் செய்கிறவரிடம் கேளுங்கள். டீ-ஷர்ட் திருப்பூரில் வாங்கியதாக இருக்கட்டும், முதுகில் அவர் பெயர்.

பெரிய கம்பெனி தயங்குவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. பைபாஸில் ராத்திரி நடக்கும் திருட்டு ரேஸ்தான் டிராக் ரேஸ் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அனுமதி, போட்டியாளர் லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஆம்புலன்ஸ் நான்கின் நகலும் கேட்புக் கடிதத்தோடு முதல் பக்கத்திலேயே போக வேண்டும். தொகை இரண்டாம் பக்கத்தில் வந்தால் போதும்.

தேதியில் ஆடியைத் தவிர்த்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தளத்தில் புழுதியைக் கொட்டும், லேசான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்து நேரம் அளக்கும் ஒளிக்கதிரை மறித்தாலும் அந்த ஓட்டமே செல்லாது. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று: கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம், காற்று சுமார் 4 சதவீதம் மெலிது. சென்னைப் பக்கம் ரேஸ் நடக்கும் இருங்காட்டுக்கோட்டையில் செட் செய்த கார்புரேட்டர் இங்கே ரிச்சாக, அதாவது காற்றுக்கு மேல் பெட்ரோல் அதிகமாகி ஓடும், பிளக் கரி பிடிக்கும். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் இறக்கிக்கொள்ளட்டும்.

ரேஸ் முடிந்த வாரத்துக்குள் ஸ்பான்சருக்கு ஒரு தாள் போக வேண்டும்: என்ட்ரி எத்தனை, டிக்கெட் எத்தனை, ஸ்டேஜிங் படம் நாலு. செயின் கொடுத்தவர் என்றால், அறுந்த செயினை எத்தனையாவது ஓட்டத்தில் அறுந்தது, எந்த ஸ்ப்ராக்கெட் என்று எழுதிக் கட்டி அதோடு சேர்த்து அனுப்புங்கள்.