வலது பக்கத்துப் பேட்ஜ்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதுப்பிக்க எடுத்தபோது, இன்ஜின் வேலைதான் உயிரை எடுக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். நாலே மாதத்தில் அது முடிந்துவிட்டது. பிஸ்டன், பேரிங், வால்வு, கேஸ்கட் எல்லாவற்றையும் இன்றைக்கும் யாராவது செய்து விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்னை ஒன்றரை வருடம் அலையவிட்டது பெட்ரோல் டேங்கின் பக்கத்தில் கம்பெனி பெயரோடு இருக்கும், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பேட்ஜ்.

வண்டி இங்கிலாந்தின் டிரையம்ப் கம்பெனி செய்த போனவில், மாடல் டி120. என் கைக்கு வந்தபோது டேங்கின் இடது பக்கம் மட்டும் பேட்ஜ் இருந்தது. வலது பக்கம் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளும் அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் துருவும்தான். டேங்கின் நடுவில், முன்னிருந்து பின்னாக ஓடவேண்டிய குரோம் பட்டையைக் காணோம். டெயில் லாம்ப் வேறு ஏதோ வண்டியுடையது. சீட்டுக்கு முழுக் கறுப்பு ரெக்சின். இத்தனை வருடத்தில் எத்தனை கை மாறியதோ, கிடைத்ததை மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது வண்டி, எனக்குத்தான் பழம்பொருள்.

முதல் காசை வீணாக்கியது என் அவசரம். ‘அறுபதுகளின் டிரையம்ப் டேங்க் பேட்ஜ், ஜோடி’ என்று விற்பனைக்கு வந்ததைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். பிரித்துப் பார்த்தால், சதுரமாகச் சட்டம் போட்ட மாதிரி வேறொரு பேட்ஜ். அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 1957 முதல் 1965 வரை டிரையம்ப் டேங்கில் இருந்தது கம்பிக்கம்பியாக இருக்கும் பேட்ஜ். மவுத் ஆர்கன் என்று செல்லப்பெயர். 1966 முதல் 1968 வரை, பெயருக்கு மேலே புருவம் நெரித்த மாதிரி ஒரு வளைவு வரும் பேட்ஜ், அதை ஐப்ரோ என்பார்கள். 1969இல்தான் நான் வாங்கிய சட்டம் போட்டது வந்தது. அதுவும் அறுபதுகள்தானே, விற்றவர் பொய் சொல்லவில்லை.

சரி, என் வண்டி எந்த வருடம்? பதிவுப் புத்தகத்தில் 1967 என்று இருந்தது. ஆனால் அது முதன்முதலில் பதிவான வருடம். செய்த வருடமாக இருக்கவேண்டும் என்பதில்லை. வண்டி டீலரிடம் மாதக்கணக்கில் நின்றிருக்கலாம். நம்பவேண்டியது இன்ஜின் நம்பரை. அந்தக் காலத்து டிரையம்ப்பில் இன்ஜின் நம்பரும் ஃப்ரேம் நம்பரும் ஒன்றாகவே இருக்கும். டியு என்று தொடங்கும் நம்பர்களில் 24875 முதல் 44393 வரை 1966 மாடல். என்னுடையது அதற்குள் வந்தது. தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளியே போன பதிவேடுகள் இங்கிலாந்தின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் இருக்கின்றன, கேட்டால் சரிபார்த்துத் தருவார்கள். ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன்பு செய்யவேண்டிய வேலை இது. நான் ஒரு ஜோடி பேட்ஜ் வாங்கிய பிறகு செய்தேன்.

அடுத்து பார்ட்ஸ் கேட்லாக். அந்தந்த வருடத்துக்கென்று தனிப் புத்தகம் உண்டு. நம் வருடத்துப் புத்தகம் இல்லாமல் பிந்திய வருடத்தை வைத்துத் தேடினால் குழப்பம்தான், ஏனென்றால் பழைய பாகத்துக்குப் பதிலாக வந்த புதிய பாகத்தின் நம்பர்தான் அதில் இருக்கும். மாட்டினால் பொருந்தும், பார்வைக்கு வேறாக இருக்கும். கேஸ்கட்டுக்கு அது போதும், டேங்க் பட்டைக்குப் போதாது. இன்னொரு சின்ன விஷயம் எனக்கு நிறைய உதவியது: பழைய புத்தகத்தில் எஃப் என்ற எழுத்தோடு இருக்கும் நம்பர்கள், பிற்பாடு அதே எண்ணோடு 82 என்று தொடங்கும். பழைய சரக்கு வைத்திருப்பவர்களில் சிலர் இப்படி எழுதியிருப்பார்கள், சிலர் அப்படி. இரண்டையும் போட்டுத் தேடவேண்டும்.

விளக்கு மாதிரி மின்சாரப் பாகங்கள் லூகாஸ் கம்பெனியுடையவை. அவற்றில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும், அது பெரிய வரம். என் டெயில் லாம்ப் லூகாஸ் 679, இந்த வண்டிக்குப் பிந்தியது. வேண்டியது 564. அது கிடைத்தது, லென்ஸ் மட்டும் புதிதாகச் செய்தது. மீட்டர்களுக்கு டயலிலேயே குறியீடு அச்சடித்திருக்கும். ஸ்மித்ஸ் கம்பெனியின் ஸ்பீடோமீட்டரில் எஸ்எஸ்எம் என்று தொடங்குவது காந்தத்தில் இயங்குவது, 1964 முதல் போனவில்லில் வந்தது. அதற்கு முந்திய கிரோனோமெட்ரிக் மீட்டரில் முள் துள்ளித் துள்ளி ஏறும். பார்க்க அழகு, அதனாலேயே பலர் அதை வாங்கி எல்லா வண்டியிலும் மாட்டிவிடுகிறார்கள்.

புத்தகத்தைவிட அதிகமாகச் சொல்லிக்கொடுத்தது வண்டிதான். சீட்டுக் கவரைக் கிழித்து எறியப் போனவன், சும்மா ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தேன். கறுப்பு ரெக்சினுக்கு அடியில் இன்னொரு கவர். அதற்கும் அடியில், இரும்புத் தட்டின் பற்களில் மாட்டிக்கொண்டு கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறத் துண்டு. மேலே சாம்பல், பக்கங்கள் கறுப்பு என்று படித்திருந்தது சரிதான். ஆனால் எந்தச் சாம்பல், எந்த மாதிரிச் சொரசொரப்பு என்பது அந்தத் துண்டில்தான் இருந்தது. சீட் தைப்பவரிடம் போட்டோ காட்டாமல் அதையே கொடுத்தேன்.

இடது பேட்ஜைக் கழற்றியபோதும் அப்படித்தான். மேலே எத்தனையோ கோட்டிங் பெயின்ட், பேட்ஜோடு சேர்த்தே அடித்திருந்தார்கள். பேட்ஜுக்குப் பின்னால் மட்டும் வெயில் படாத பழைய பெயின்ட்: கிரெனடியர் சிவப்பும் அலாஸ்கன் வெள்ளையும், இரண்டும் சேருமிடத்தில் மெல்லிய கோடு. டேங்க் மொத்தத்துக்கும் அந்த இடத்தை வைத்துத்தான் நிறம் கலந்தோம்.

நடுப் பட்டைக்குப் புதிதாகச் செய்தது ஒன்று வாங்கினேன். டேங்கை இரண்டு பாதியாக ஒட்டிய தையலை மறைப்பதுதான் அதன் வேலை. முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒரு நட்டு. வந்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தனியாகப் பார்த்தால் பளபளவென்று குறை சொல்ல முடியாது. டேங்கில் வைத்து, பக்கத்தில் பெட்ரோல் மூடியின் குரோமைப் பார்த்ததும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. குரோமில் ஒரு நீலச் சாயல் இருக்கும், ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் மஞ்சளடிக்கும். தெரிந்த பிறகு கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. விற்றுவிட்டு, லேசாக வளைந்துபோன பழைய பட்டை ஒன்றை நிமிர்த்தி குரோம் போட்டுக்கொண்டேன்.

பேட்ஜுக்கு வருகிறேன். ஐப்ரோ பேட்ஜ் இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு. என்னிடம் இருப்பது இடது, சந்தையில் வருவதும் பெரும்பாலும் இடது. எனக்கு மட்டும்தான் அப்படியோ என்னவோ. புதிதாகச் செய்த வலது பேட்ஜ் ஒன்று வாங்கிப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூவை இறுக்கினால் மறுமுனை தூக்கிக்கொண்டது, இடைவெளியில் தீக்குச்சி நுழைந்தது. எழுத்துகளின் ஓரமும் சோப்பில் செதுக்கியது போல மழுங்கியிருந்தது. இழுத்து இறுக்கினால் டேங்க் பெயின்ட் வெடிக்கும். திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. அட்டையை வெட்டி வெட்டி டேங்கின் வளைவுக்கு ஒரு வார்ப்புரு செய்தேன். இடது பேட்ஜின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன், சின்ன வயதில் காசை வைத்துத் தேய்ப்போமே அது மாதிரி. எழுத்தின் தடிமன், ஸ்க்ரூ ஓட்டைகளின் தூரம் எல்லாம் விழுந்தன. விற்கிறவர்களுக்கு இந்த இரண்டின் போட்டோவையும் அனுப்பி, அவர்களிடமிருப்பதன் பின்பக்கத்தைப் படம் எடுத்துக் கேட்டேன். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பளபளப்பாக்கலாம். பின்பக்கத்தில் வார்ப்பின் தழும்புகள் அப்படியே இருக்கும். பாதிப் பேர் பதிலே போடவில்லை.

பதில் போட்ட ஒருவரிடம் 1970 போனவில் இருந்தது. அவருக்கு வேண்டியது சட்டம் போட்ட பேட்ஜ். என் அலமாரியில் அது ஒரு ஜோடி தூங்கிக்கொண்டிருந்ததே! அவருடைய டப்பாவில் கிடந்த வலது ஐப்ரோ என்னிடம் வந்தது. ஒரு ஸ்க்ரூ ஓட்டையின் ஓரம் உடைந்து, முகமெல்லாம் அம்மைத் தழும்பு.

குரோம் போடுகிற அண்ணனிடம் இரண்டையும் கொண்டுபோனேன். நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டிப் பார்த்தார். “இது துத்தநாகக் கலவைங்க. பழைய குரோமை எடுக்கப் போடுற ஆசிட் இதையும் சேர்த்துத் தின்னும். குழியெல்லாம் சுத்தம் பண்ணி, செம்பு ஏத்தி நிரப்பி, தேச்சு, அதுக்கு மேல நிக்கல், குரோம். பண்ணலாம். ஆனா எழுத்து இந்தக் கூர்மையில நிக்காது.”

நான் திருப்பி அனுப்பிய அந்தப் புது பேட்ஜின் மழுங்கல் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உடைந்த ஓரத்தைப் பின்பக்கமாக எபாக்ஸி வைத்துச் சரிசெய்தேன். இரண்டையும் மெழுகு போட்டுத் துடைத்து, கழற்றி வைத்திருந்த பழைய ஸ்க்ரூக்களையே மாட்டினேன். இடதைவிட வலதில் தழும்பு கொஞ்சம் அதிகம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

மீட்டர் இன்னும் 1966க்கு உரியதல்ல. ஒருவரிடம் இருக்கிறது, டயலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.