நியூட்டன் 2100-ம் அதன் பேனாவும்

என்னிடம் உள்ள, திரையில் பேனாவால் எழுதும் பேனாக் கணினிகளில் முதலிடம் ஆப்பிள் நியூட்டன் மெசேஜ்பேட் 2100-க்குத்தான். 1993-இல் வந்த முதல் நியூட்டன், கையெழுத்தைத் தப்பும் தவறுமாகப் படித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. 1997-இல் வந்த இது வேறு ரகம். 162 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, பின்னொளித் திரை, நாலு சாதாரண ஏஏ பேட்டரி. எழுத்துகளைப் பிரித்து எழுதினால் அழகாகப் படிக்கிறது. வேண்டாத சொல்லைப் பேனாவால் கிறுக்கினால் குப்பென்று ஒரு புகை, சொல் மாயம்! அதற்காகவே எழுதி எழுதி அழிப்பேன். 1998 பிப்ரவரியில் இதை நிறுத்திவிட்டார்களே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்துத் தேடுவது கிரிட்பேட் என்ற பேனாக் கணினி. 1989-இல் வந்தது, மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸில் ஓடும். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ்தான் பின்னாளில் பாம் பைலட் என்ற கைக்கணினியையும் தந்தார். அப்புறம், இவற்றை வாங்குபவர்கள் பேட்டரியை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். கசிந்தால் உலோக முனைகள் அரித்துப்போகும்.