எமரால்டு குளிருக்கு ஒரு வரைபடம்: முதல் வருடம்

நீலகிரியில் எமரால்டு பக்கம் மாமா இருக்கும் ஊரின் வெப்பநிலையை, சிங்கப்பூரில் ஈசூன் வீட்டில் இருந்தபடி வரைந்து வருகிறேன். முதல் வருடக் கோடு முழுதாகிவிட்டது. சிங்கப்பூருக்கு இதே வேலையைச் செய்தால் சுவாரஸ்யம் இருக்காது. குளிர்ந்த மாதத்துக்கும் சூடான மாதத்துக்கும் சராசரியில் ஏறத்தாழ 2 டிகிரிதான் வித்தியாசம், கோடு படுத்தே கிடக்கும்.

கருவி எளிமையானதுதான். ஒரு நாளின் உச்சத்தையும் தாழ்வையும் சேர்த்துக் காட்டும் வளைகுழாய் வெப்பமானி, 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் சிக்ஸ் கண்டுபிடித்த அதே அமைப்பு. திரவம் ஒரு சின்ன ஊசியைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடும், ஊசி மட்டும் அங்கேயே நிற்கும். பாதரசத்தை விமானத்தில் எடுத்துப் போவது வம்பு என்பதால் பாதரசம் இல்லாத வகையாகப் பார்த்து வாங்கினேன். சுவரில் மாட்டினால் சுவரின் சூட்டையும் சேர்த்துச் சொல்லும். அதனால் ஊர் ஆசாரியிடம் சொல்லி, காற்று புகும்படி சட்டம் அடித்து வெள்ளை பூசிய பெட்டி ஒன்று செய்து, புல்தரையில் கம்பம் நட்டு நெஞ்சுயரத்தில் வைத்தோம். காலையில் மாமா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஊசியைத் திருப்பி வைப்பார். நான் எக்ஸெலில் ஏற்றுவேன்.

கோடு முழுதானபோது தெரிந்த விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலையில் இரவுக் குளிருக்கு ஒரு காலம், பகல் குளிருக்கு வேறொரு காலம். ஜனவரி விடியலில் 3 டிகிரி காட்டிய அதே நாள், மதியம் 21 வரை போயிருக்கிறது. ஜூலையிலோ விடியல் 11, மதியம் 16. அதாவது பகலை மட்டும் பார்த்தால் ஜூலைதான் குளிர்காலம்! ஒரு வருடத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது, காலநிலை என்று சொல்ல 30 வருடச் சராசரி வேண்டும். ஆனால் ஊட்டியின் நீண்டகாலச் சராசரியும் இதே வடிவம்தான். ஜனவரிப் பகல் 20-ஐ ஒட்டியும், ஜூலைப் பகல் 17-ஐ ஒட்டியும் நிற்கிறது.

காரணம் மேகம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மேகம் பகலில் வெயிலை மறிக்கும், இரவில் தரையின் சூடு வெளியேறாமல் பார்த்துக்கொள்ளும். தை, மாசியில் வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவோடு இரவாக விட்டுவிடும். ஏப்ரலும் மேயும் இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் வரும் இதமான மாதங்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

ஜனவரியில் ஒருநாள் வெப்பமானி 3-க்குக் கீழே போகவே இல்லை, ஆனால் மாமா அனுப்பிய படத்தில் புல்லெல்லாம் வெள்ளை. “மாப்ள, உன் பெட்டி பொய் சொல்லுதா?” என்று கேட்டார். பெட்டி சொன்னது சரிதான். தெளிந்த, காற்றில்லாத இரவில் புல்லின் நுனி, நெஞ்சுயரக் காற்றைவிடப் பல டிகிரி அதிகமாகக் குளிர்ந்து உறைநிலைக்கு இறங்கிவிடும். ‘தைப்பனி தரையைத் துளைக்கும்’ என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அப்புறம், ஓடையோரக் கேரட் தோட்டத்தில் இரண்டாவது வெப்பமானி வைத்தோம். உயரம் 1000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் பள்ளத்திலுள்ள தோட்டம் மேட்டு வீட்டைவிடக் கொஞ்சமாவது சூடாக இருக்க வேண்டும். தெளிந்த இரவுகளில் நேர்மாறாக இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. உறைபனி முதலில் கருக்குவது பள்ளத்துப் பயிரை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், இப்போது எண்ணாகவும் கையில் இருக்கிறது. ஜூலை இரவுகளில் இரண்டு கோடுகளும் ஒட்டியே போகின்றன.

அடுத்து கோத்தகிரி. அது மலையின் கிழக்குப் பக்கம், வடகிழக்குப் பருவமழை நன்றாகக் கிடைக்கும் இடம். மேகம்தான் காரணம் என்றால் அங்கே அக்டோபர், நவம்பர் பகல்கள் எமரால்டைவிட அதிகமாகத் தணிய வேண்டும். உயரம் குறைவு என்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது, கோட்டின் வடிவத்தைத்தான் பார்க்கணும். அம்மாவின் சித்தி மகள் அங்கே இருக்கிறார், பெட்டி வைக்கச் சம்மதித்துவிட்டார்.