முதலாவது உடற்பரிசோதனைப் பரீட்சை: புள்ளி போகும் இடங்கள்

நோயாளியின் உடலைப் பரிசோதித்துக் காட்டும் எங்கள் முதலாவது பரீட்சை ஒருவழியாக முடிந்தது. அடுத்த பட்ச் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது, பாடம் தெரியாமல் இந்தச் செய்முறைப் பரீட்சையில் விழுகிறவர்கள் குறைவு. கை செய்வதை வாய் சொல்லாமல் விட்டுப் புள்ளியைத் தொலைப்பவர்கள்தான் கூட. பரீட்சகரின் கையில் ஒரு தாள் இருக்கும். அதிலுள்ள வரியை நீங்கள் செய்ததை அவர் கண்ணால் காண வேண்டும், அல்லது காதால் கேட்க வேண்டும். கண்ணின் வெண்படலத்தைப் பார்த்துவிட்டு மனதுக்குள் "மஞ்சள் இல்லை" என்றால் அந்த வரி வெறுமைதான்.

அதற்கும் முன்னால் பதிவுக் கொப்பி. ஒவ்வொரு செய்முறைக்கும் எதிரே கையெழுத்தும் திகதியும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கந்தோரில் கொப்பியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். எந்தப் பக்கத்தில் குறைகிறது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், "சரியில்லை" மட்டும்தான். லீவில் முல்லைத்தீவுக்குப் போயிருந்தவர்கள் ஒரு கையெழுத்துக்காக மாங்குளத்தால் சுற்றி வவுனியா வந்து, அன்றைக்குக் கையெழுத்து வைக்கிற மிஸ் லீவு என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள். வாட்டில் செய்த அன்றைக்கே, வாட்டை விட்டு இறங்க முன்னரே, கையெழுத்தை வாங்குங்கள். முழுக் கொப்பியையும் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள்.

இனி பிரஷர். எல்லோருக்கும் வருமென்று நினைப்பது இதுதான், அதிகம் வெட்டு விழுவதும் இதில்தான். நோயாளி வெயிலுக்குள்ளால் நடந்து வந்திருந்தால் 5 நிமிடம் இருத்த வேண்டும். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் நிலத்தில், கால் மேல் கால் இல்லாமல், கை நெஞ்சு மட்டத்தில் தாங்கி இருக்க வேண்டும். கையில் சுற்றும் பிரஷர் பட்டியின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2 தொடக்கம் 3 சென்றிமீற்றர் மேலே வரும். உள்ளே இருக்கிற காற்றுப்பையின் நீளம் கையின் சுற்றளவில் 80 வீதத்தை மூட வேண்டும். பட்டி சிறிதென்றால் அளவு கூடிக் காட்டும், பெரிதென்றால் குறைத்துக் காட்டும். ஹொஸ்டலில் ஒருவரையொருவர் அளந்து பழகும்போது எல்லாம் மெல்லிய இளம் கைகள். பரீட்சையில் தடித்த கையோடு ஓர் அம்மா வந்து இருந்ததும் தடுமாறுவது இதனால்தான். சமையல்கூடத்தில் வேலை செய்பவர்கள், காவலாளி ஐயா என்று கேட்டுப் பார்த்துப் பத்து விதக் கைகளிலாவது அளந்துவிட்டுப் போங்கள்.

முதலில் நாடியில் விரல் வைத்துக் காற்றடித்து, துடிப்பு எங்கே மறைகிறது என்று பாருங்கள். காற்றை முழுவதும் இறக்கிக் கொஞ்சம் பொறுத்து, அந்த எண்ணுக்கு மேல் 30 மி.மீ. ஏற்றுங்கள். இந்தப் படியை "நேரம் போகுது" என்று விடுவார்கள். காற்றை இறக்கும்போது ஸ்டெத்தில் கேட்கும் துடிப்புச் சத்தம் சிலருக்கு நடுவில் நின்று கீழே மறுபடி தொடங்கும். இந்தப் படி இல்லாவிட்டால் உண்மையில் 180 இருக்கிறவருக்கு 150 என்று எழுதிவிடுவீர்கள். இறக்கும் வேகம் செக்கனுக்கு 2 தொடக்கம் 3 மி.மீ. சத்தம் தவறிவிட்டால் இடையிலே திரும்ப ஏற்றக் கூடாது. முழுக்க இறக்கி, ஒரு நிமிடமாவது பொறுத்து, மறுபடி. முள்ளுள்ள கருவியில் ஒவ்வொரு கோடும் 2 மி.மீ. ஆகவே 123/77 என்று எழுதினால் நீங்கள் ஊகித்து எழுதியது எழுத்திலேயே தெரியும்.

ஸ்டெத்தின் காதுமுனைகள் முன்பக்கம், மூக்கை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டு "சத்தம் கேக்கேல்லை மிஸ்" என்று நிற்பது ஒவ்வொரு வருடமும் நடக்கும். தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று சுற்றினால் நிறுத்தக் கேளுங்கள். கேட்பதற்குப் புள்ளி குறையாது.

எந்தக் கையில் அளப்பது என்பதும் கேள்விதான். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் கணிசம். இரத்தம் சுத்திகரிப்பதற்காக நாளங்களை இணைத்த கையில் பட்டியைக் கட்டவே கூடாது. "இந்தக் கையில ஏதும் ஒப்பரேசன் செய்ததோ?" என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். மார்பு அகற்றிய பக்கக் கைக்கும் இதே கேள்வி.

சுவாசத்தை எண்ணப் போவதாக வாய் திறந்து சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடியை எண்ணி முடித்தும் விரலை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள். வெப்பமானியை வாய்க்குள் வைப்பதென்றால் பிளேன்டீ குடித்தவரா, வெற்றிலை போட்டவரா என்று கேளுங்கள். குடித்திருந்தால் 15 நிமிடமாவது பொறுக்க வேண்டும். வெற்றிலை வாயென்றால் கொப்பளிக்கச் செய்து, கன்னத்தின் உட்பக்கம் டோர்ச் அடித்து வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

வயிற்றில் ஒழுங்கு மாறும். மற்ற இடங்களில் பார்த்து, தொட்டு, தட்டி, கேட்பது. வயிற்றில் மட்டும் பார்த்ததும் கேட்க வேண்டும், பிறகுதான் தட்டுவதும் அமுக்குவதும். முதலில் அமுக்கினால் குடல் சத்தம் மாறிவிடும். சலம் (சிறுநீர்) போய்விட்டு வரச் சொல்லி, முழங்காலை மடிக்க வைத்து, நோகிற இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள். கண் வயிற்றில் அல்ல, முகத்தில் இருக்கட்டும். சத்தமே இல்லை என்று சொல்ல 5 நிமிடம் கேட்டிருக்க வேண்டும். அவ்வளவு நேரம் தர மாட்டார்கள், ஆனால் அந்த எண்ணை வாயால் சொன்னால் போதும்.

இருதயம் கேட்கும் இடங்களைப் படம் வரைந்து பாடமாக்கி வந்தவர்களும் ஆளின் நெஞ்சில் தவறினார்கள். நெஞ்செலும்பின் மேட்டைத் தடவினால் இரண்டாவது விலா, அதன் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து விரலால் எண்ணி இறங்குங்கள், கண்ணளவில் போகாதீர்கள்.

வரலாறு கேட்பதில் புத்தகத் தமிழ் கை கொடுக்காது. "சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா?" என்று கேட்டால் நெடுங்கேணி அப்பு உங்களைப் பார்த்துச் சிரிப்பார். "சலம் போகேக்கை எரியுதோ அப்பு?" என்றால் விசயம் வரும். சத்தி (வாந்தி), முட்டு (மூச்சுத் திணறல்), தடிமன் (சளி), நாரி நோ (இடுப்பு வலி), வயித்தாலை போறது (வயிற்றோட்டம்) என்று அவர்கள் சொல்லுக்கே கேட்டு, தாளில் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். "வருத்தம் ஒண்டும் இல்லை" என்பவரிடம் "என்ன குளிசை போடுறீங்கள், கிளினிக் கொப்பி இருக்கோ?" என்று கேட்டால் சீனியும் பிரஷரும் வெளியே வரும். எங்கட ஊர்களில் இன்னொரு கேள்வியும் கட்டாயம்: "உடம்புக்குள்ளை செல் துண்டு ஏதும் இருக்கோ?" யுத்தத்தில் பட்ட எறிகணையின் உலோகத் துண்டைத்தான் கேட்கிறோம். பிற்காலத்தில் காந்த ஸ்கானுக்கு (MRI) அனுப்புகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகக் கேளுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.

செயற்கைக் கால் போட்டவர் வந்தால் பாத நாடியை எழுதும் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். "வலது கீழ்க்கால் நீக்கப்பட்டுள்ளது" என்று எழுதி, மிஞ்சியிருக்கும் காலின் முனைத் தோலில் புண், சிவப்பு உண்டா என்று கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். இரத்தச் சோகையை முகத்தின் நிறத்தில் தேடாமல் கீழ் இமையிலும் உள்ளங்கையிலும் பாருங்கள். கால் வீக்கத்துக்குக் கணைக்காலில் எலும்பின் மேல் 5 செக்கன் அமுக்கி விடுங்கள். விழுந்த குழியின் ஆழம் 2 மி.மீ. என்றால் வீக்கத்தின் தரம் 1+, 4 என்றால் 2+.

செக்கன் முள்ளுள்ள கைக்கடிகாரம் கொண்டு போங்கள், போனை உள்ளே விட மாட்டார்கள். கடைசியில் நோயாளியை மூடிவிட்டு, கட்டிலைத் தாழ்த்தி, கையை மறுபடி கழுவ வேண்டும். தொடக்கத்தில் கழுவியவர்களில் பாதிப்பேர் முடிவில் மறந்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தோம். வெளியே வந்த பிறகு திரும்ப உள்ளே விட மாட்டார்கள்.