என் நிரலுக்கு ட்ரோஜன் பட்டம்

மாமாவின் பெயிண்ட் கடைக்கு இருப்புக் கணக்கு பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். எக்செல் கோப்பைப் படித்து, எந்த டப்பா தீரப்போகிறது என்று காட்டும். அவ்வளவுதான். கடைக் கணினியில் நான் எழுதிய மொழியான பைத்தான் கிடையாது. அதனால் பைத்தான் நிரலை மூட்டைகட்டித் தரும் பைஇன்ஸ்டாலர் என்ற கருவியை வைத்து ஒரே எக்ஸி கோப்பாகக் கட்டி, பென்டிரைவில் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் போன். "என்ன மாப்ள, வைரஸ ஏத்தி அனுப்பியிருக்க? டபுள் கிளிக் பண்ணேன், சிவப்பா ஒண்ணு வந்துச்சு. இப்ப ஃபைலையே காணோம்."

கடையிலிருந்த ஆன்டிவைரஸ் அதைத் தூக்கி, ஓடவிடாமல் பூட்டிவைக்கும் குவாரண்டைனில் போட்டிருந்தது. ட்ரோஜனாம், நல்ல நிரல் வேஷத்தில் வரும் தீம்பொருள்! எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, என் லேப்டாப்பில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று. முழு ஸ்கேன் ஓட்டினேன், ஒன்றுமில்லை. அப்புறம் 'வணக்கம்' என்று மட்டும் அச்சிடும் ஒற்றை வரி நிரலை அதே மாதிரி கட்டி, கடைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அதற்கும் அதே பட்டம். அப்போதுதான் மூச்சு வந்தது. சரக்கைப் பிரித்தே பார்க்காமல் பொட்டலத்தைப் பார்த்துப் பிடித்திருக்கிறது.

பொட்டலமும் அப்படித்தான் இருக்கிறது. ஒன்ஃபைல் முறையில், அதாவது ஒரே கோப்பாகக் கட்டினால், ஓடும் ஒவ்வொரு முறையும் பைத்தானையும் அதற்குத் துணையான நிரல் நூலகங்களையும் டெம்ப் ஃபோல்டரில் அவிழ்த்துப் போட்டு, அங்கிருந்து கிளம்பும். தீம்பொருள்கள் பலவும் இதையேதான் செய்கின்றன. போதாததற்கு, எல்லா பைஇன்ஸ்டாலர் கோப்புகளுக்கும் முன்னால் நிற்பது ஒரே பூட்லோடர், அதாவது நிரலைக் கிளப்பிவிடும் சிறு துண்டு. எவனோ ஒருவன் அதே கருவியில் திருட்டு நிரல் கட்டி மாட்டினால், நமக்கும் அந்தச் சாயல் வந்துவிடும். என் கணினியில் யூபிஎக்ஸ் என்ற கோப்பு சுருக்கும் கருவி வேறு இருந்தது. அது பாத்தில் (கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) இருந்தால் பைஇன்ஸ்டாலர் தானாகவே எடுத்துச் சுருக்கிவிடும். சுருக்கிய கோப்பு என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

'விதிவிலக்குப் பட்டியல்ல சேர்த்துட்டுப் போடா' என்றான் நண்பன். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்று என் கோப்புக்காக எச்சரிக்கையைத் தள்ளிவிடப் பழகும் மாமா, நாளைக்கு யாரோ மெயிலில் அனுப்பும் 'கூரியர் பில்'லுக்கும் அதையே செய்வார்.

யூபிஎக்ஸை நிறுத்தினேன். ஒன்ஃபைலை விட்டு, ஃபோல்டராகக் கட்டினேன். ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ் எஞ்சின்களிடம் காட்டிச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் முதலில் ஒன்பது எஞ்சின்கள் கத்தின, இப்போது மூன்று. (அங்கே ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் போகும். கடைக் கணக்கை உள்ளே வைத்து ஏற்றிவிடாதீர்கள்.) பூட்லோடரை சி கம்பைலர் வைத்து நானே புதிதாகக் கட்டியதும் ஒன்றுதான் மிச்சம். அந்த ஒன்றுதான் மாமா கடையில் இருப்பது!

அந்த நிறுவனத்தின் தளத்தில் தவறான கண்டறிதலுக்கென்று ஒரு படிவம் இருக்கிறது. கோப்பை அனுப்பினேன். மூன்றாம் நாள் அந்தக் கண்டறிதலை நீக்கிவிட்டதாக இரண்டு வரி பதில் வந்தது. பிறகு ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி மறுபடி கட்டினேன். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மாறியது, ட்ரோஜன் திரும்பி வந்தது. மறுபடி படிவம், மறுபடி மூன்று நாள். நிரல் யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வாங்கலாம்தான், ஆனால் வருடா வருடம் அதற்குக் கட்டும் காசுக்கு மாமா சம்மதிக்க மாட்டார்.

ஒருவழியாக ஓடியது. போன வாரம் மறுபடி போன்: "மாப்ள, திறக்கவே மாட்டேங்குது." இந்தத் தடவை ஆன்டிவைரஸ் இல்லை. ஃபோல்டருக்குள் பைத்தானும் நூலகங்களும் இருக்கும் '_இன்டர்னல்' ஃபோல்டரை, என்னமோ குப்பை கிடக்கிறதே என்று மாமாவே அழித்திருக்கிறார்.