ரோபோ வந்தது, உடம்பு?

1961ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற ரோபோ வேலைக்கு வந்தது. அச்சில் வார்த்த, இன்னும் சூடு ஆறாத உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பதுதான் அதன் வேலை. மனிதர்கள் கையைச் சுட்டுக்கொண்டு செய்த வேலை அது, ரோபோவிடம் போனதே நல்லது என்று முழு மனதோடு சொல்வேன்.

ஆனால் கிடங்குகளைப் பாருங்கள். பொருள் இருக்கும் இடத்துக்கு ஆள் நடந்த காலம் போய், இப்போது அலமாரியையே ரோபோ தூக்கிக்கொண்டு ஆளிடம் வருகிறது, அவர் ஒரே இடத்தில் நின்று அதே தோளையும் அதே மணிக்கட்டையும் நாள் முழுக்க ஒரே மாதிரி அசைத்துக்கொண்டிருக்கிறார். நடை போச்சு, வலி மட்டும் மிச்சம். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1953ல் ஜெர்ரி மோரிஸ் குழுவினர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு எப்போதும் நினைவுக்கு வரும். உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. உடற்பயிற்சி என்று அவர்கள் தனியாக எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை, வேலையே அதைக் கொடுத்தது. விண்வெளி நிலையத்தில் எடையற்று மிதப்பவர்களோ தசையும் எலும்பும் தளராமலிருக்க தினமும் சுமார் 2 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள்!

சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களை எழுந்து நிற்கவைத்து, அடியெடுத்து வைக்கவும் உதவும் ரோபோ உடைகள் வந்துவிட்டன. அந்தக் காட்சியைப் பார்த்தால் கண் கலங்கிவிடும்.

உங்கள் வேலையிடத்தில் இயந்திரம் வந்தபிறகு உடம்பில் என்ன மாறியது? சொல்லுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.